ஒரு தொடர் எத்தனை நாள் ஓடினால் சரி?

திருப்பூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: “ஏனுங்கண்ணா, என் மக பார்க்கற கொரியத் தொடர் 16 பகுதியில முடிஞ்சு போகுது. நான் பார்க்கறது அஞ்சு வருசமா ஓடுது, முடியறாப்ல தெரியல. ‘உங்க சீரியல்காரங்களுக்கு முடிக்கவே தெரியாதா’ன்னு கேக்கறா. மத்த நாட்டுல எல்லாம் எப்படிங்க? ஒரு தொடர் எத்தனை நாள் ஓடுனா சரிங்க?”

முடிக்கத் தெரியாமல் இல்லை, சகோதரி. சென்னையில் ஒரு தினசரித் தொடரின் கதைக் குழுவில் ஆறு வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். இப்போது காங்கேயம் பக்கம் ஊரோடு வந்துவிட்டேன். அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் கதையை முடிக்கத் தெரியும். முடியுங்கள் என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஒரு தொடரின் நீளத்தைக் கதை முடிவு செய்வதில்லை. காசு எந்த வழியாக வருகிறதோ அந்த வழி முடிவு செய்கிறது. எல்லா நாட்டிலும் இப்படித்தான். அந்த வழி நாட்டுக்கு நாடு மாறுகிறது, அதனால் நீளமும் மாறுகிறது.

உங்கள் மகள் பார்க்கும் கொரியாவிலிருந்தே தொடங்குகிறேன். அந்த 16 பகுதி வகைக்கு அங்கே மினி சீரிஸ் என்று பெயர். திங்கள்–செவ்வாய், புதன்–வியாழன் என்று வாரத்துக்கு இரண்டு இரவு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். எட்டு வாரத்தில் கதை முடிந்து, அடுத்த தொடர் அந்த இடத்துக்கு வந்துவிடும். ஆனால் கொரியா என்றால் 16 மட்டும்தான் என்று மகள் நினைத்தால் அது சரியில்லை. அங்கேயே வார இறுதிக் குடும்பத் தொடர்கள் 50 பகுதி போகும், தினசரித் தொடர்கள் நூறைத் தாண்டும். 2003-ல் வந்த ‘டே ஜாங் கும்’ என்ற அரண்மனைக் கதை 54 பகுதி. ‘ஜுமோங்’ என்ற சரித்திரத் தொடரை 60 பகுதி என்று திட்டமிட்டுத்தான் ஆரம்பித்தார்கள். பெரிய வெற்றி ஆனதும் 81 வரை கொண்டுபோனார்கள். நீட்டுகிற ஆசை அவர்களுக்கும் உண்டு. அந்த ஆசைக்கு அங்கே ஓர் எல்லை இருக்கிறது, நமக்கு இல்லை.

இங்கிலாந்து இதற்கு நேர் எதிர்க்கோடியில் நிற்கிறது. அங்கே ஒரு வருடத்துக்கு 6 பகுதி என்பது சாதாரணம். ‘ஃபால்டி டவர்ஸ்’ என்ற நகைச்சுவைத் தொடரை உலகமே கொண்டாடுகிறது. மொத்தமே 12 பகுதிதான். 1975-ல் ஆறு, 1979-ல் ஆறு. ஜான் கிளீஸும் கோனி பூத்தும் இருவராக உட்கார்ந்து எழுதினார்கள். அதை ஒளிபரப்பிய பிபிசிக்கு விளம்பரம் கிடையாது; டிவி வைத்திருக்கும் வீடுகள் கட்டும் வருடக் கட்டணத்தில் நடக்கிறது. அதனால் எழுதுகிறவர் சரக்கு தீர்ந்தது என்றால் நிறுத்திக்கொள்ள முடிந்தது.

அமெரிக்காக்காரர்கள் இன்னொரு இங்கிலாந்துத் தொடரை எடுத்துக்கொண்டார்கள். ‘தி ஆஃபீஸ்’ என்று பெயர். இங்கிலாந்தில் 12 பகுதியும் இரண்டு பாகமாக வந்த ஒரு கிறிஸ்துமஸ் சிறப்பும்தான். அதே கதை அமெரிக்காவில் 2005 முதல் 2013 வரை ஏறக்குறைய 200 பகுதி ஓடியது. காரணம் அங்கிருந்த ஒரு கணக்கு. செப்டம்பரில் தொடங்கி மே வரை வாரம் ஒன்று, ஒரு சீசனுக்கு 22. அப்படி 100 பகுதி சேர்ந்துவிட்டால் உள்ளூர் நிலையங்கள் அதை மறுஒளிபரப்புக்கு விலைக்கு வாங்கும். வாரம் ஐந்து நாள் போட்டால் 20 வாரத்துக்கு வரும் அல்லவா? தயாரிப்பாளருக்குப் பெரிய லாபம் அங்கேதான். அதனால் ஐந்தாவது சீசன் வரைக்கும் எப்படியாவது உருட்டிக்கொண்டு போவார்கள். நெட்ஃபிளிக்ஸ் மாதிரி இணையத் தளங்கள் வந்த பிறகு அந்தக் கணக்கு உடைந்தது, சீசனுக்கு 8, 10 என்று சுருங்கிவிட்டது.

பகல் தொடர்களின் கதை வேறு. அவற்றுக்கு ‘சோப்’ என்று பெயர் வந்ததே சோப்புக் கம்பெனிகள் காசு போட்டதால்தான். ‘கைடிங் லைட்’ என்று ஒன்று 1937-ல் ரேடியோவில் தொடங்கி, 1952-ல் டிவிக்கு வந்து, 2009-ல் நின்றது. 72 வருடம்! நாம் எது முடியாவிட்டாலும் ‘கன்னித்தீவு மாதிரி’ என்கிறோமே, அதற்கும் மூத்தது.

ஜப்பானில் காலை நேரத்தில் 15 நிமிடத் தொடர் ஒன்றை 1960-களிலிருந்து போட்டு வருகிறார்கள். இப்போதெல்லாம் ஒரு கதை ஆறு மாதம், அப்புறம் அடுத்த கதை. 1983-ல் வந்த ‘ஓஷின்’ முழு வருடம் ஓடி 297 பகுதி ஆனது. ஒரு ஏழைப் பெண்ணின் முழு ஆயுளைச் சொன்ன தொடர் அது. பகுதிக்கு 15 நிமிடம் என்பதால் மொத்தமாகக் கூட்டினாலும் 75 மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். அவர்களின் இரவுத் தொடர்கள் மூன்று மாதத்துக்குப் பத்துப் பதினொன்றோடு முடிந்துவிடும்.

துருக்கியில் பகுதியின் எண்ணிக்கையைவிட ஒரு பகுதியின் நீளம்தான் ஆளை அடிக்கும். வாரம் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரத்துக்கு மேல். வாராவாரம் ஒரு சினிமா எடுப்பதற்குச் சமம். 2010-ல் இஸ்தான்புல்லில் அந்தத் தொழிலில் இருந்தவர்களே இந்த நீளத்தை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். சீனாவில் இழுவைத் தொடரைத் ‘தண்ணீர் ஏற்றிய தொடர்’ என்பார்கள். நம் ஊரில் பாலுக்குச் சொல்கிற குற்றம்தான். 2020-ல் அரசே தலையிட்டு 40 பகுதிக்கு மேல் போகவேண்டாம், 30-க்குள் முடித்தால் நல்லது என்று சொன்னது. பாகிஸ்தானில் வாரம் ஒன்று, இருபது முப்பதோடு கதை முடியும். 2011-ல் வந்து பெரிதாகப் பேசப்பட்ட ‘ஹம்சஃபர்’ 23 பகுதிதான்.

நாம் உண்மையில் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய இடம் கொரியா இல்லை என்பது என் எண்ணம். பிரேசிலும் மெக்சிகோவும்தான். அங்கே ‘டெலிநாவெலா’ என்கிறார்கள். வாரம் ஐந்தாறு நாள், இரவு நேரம், குடும்பம், சொத்து, மாமியார், தொலைந்துபோன பிள்ளை, பழிவாங்கும் பெண் என்று பொருளெல்லாம் நம்முடையதேதான். பார்க்கும் கூட்டமும் நம் வீட்டுக் கூட்டம் மாதிரிதான். ஆனால் ஆறிலிருந்து எட்டு மாதத்தில் கதை முடிந்தே தீரும். ஆரம்பிக்கும்போதே பார்ப்பவர்களுக்கு அது தெரியும். 2012-ல் பிரேசிலில் ‘அவெனிடா பிரேசில்’ என்ற தொடர் 179-ஆவது பகுதியோடு முடிந்தது. அந்தக் கடைசி இரவில் தெருக்கள் காலியாக இருந்தன. அன்று சாவோ பாலோவில் நடக்க இருந்த கூட்டத்தை அந்த நாட்டு அதிபரே வேறு நாளுக்கு மாற்றினார். கடைசி வாரத்துக்குத்தான் அங்கே கூட்டமும் அதிகம், விளம்பர விலையும் அதிகம். முடிவும் ஒரு விற்பனைச் சரக்கு என்று அவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். நாம் அதை விற்காமலே வைத்திருக்கிறோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தியாவின் முதல் பெரிய தொடரே மெக்சிகோவைப் பார்த்து வந்ததுதான். 1984-ல் தூர்தர்ஷனில் வந்த ‘ஹம் லோக்’. மக்களுக்கு நல்லது சொல்லும் தொடர்களை மெக்சிகோவில் எடுத்திருந்தார்கள். அந்த முறையைப் பார்த்துவிட்டு வந்து இங்கே செய்தார்கள். ஒன்றரை வருடம் ஓடி, 150-க்கு மேல் பகுதிகள் வந்து, முடிந்தது. தூர்தர்ஷனில் அனுமதியே 13, 26, 52 என்றுதான் கிடைக்கும். 13 வாரம் என்பது கால் வருடம். ‘ராமாயணம்’ 52 என்று ஆரம்பித்து, மக்கள் விடாததால் 78-க்குப் போனது. ‘மகாபாரதம்’ 94. பதினெட்டுப் பர்வமும் 94 பகுதியில் அடங்கியதை இன்றைக்கு நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

1993-ல் சன் டிவி வந்த பிறகும் சில வருடம் நம்மிடம் வாரத் தொடர்கள்தான் பேர் வாங்கின. 90-களின் பிற்பகுதியில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ நினைவிருக்கும். ஒரு வாரம் காத்திருந்து பார்த்தோம். அப்புறம் 1999 கடைசியில் ‘சித்தி’. தினமும் இரவு ஒரே நேரம். கோவையில் அந்த அரை மணி நேரம் டவுன் பஸ்ஸில் சீட் கிடைக்கும் என்பார்கள். ‘சித்தி’கூட இரண்டு வருடத்துக்குள் முடிந்துவிட்டது. ‘மெட்டி ஒலி’ 800 பகுதியைத் தாண்டியது. 2003-ல் தொடங்கிய ‘கோலங்கள்’ 2009 டிசம்பர் வரை போய் 1,500-ஐத் தாண்டியது.

ஏன் இப்படி ஆனது என்று சொல்கிறேன். தயாரிப்பாளர் அந்த அரை மணி நேரத்தைச் சேனலிடம் கட்டணம் கட்டி வாங்குவார். அதற்குள் வரும் விளம்பர நொடிகளில் ஒரு பங்கை அவரே விற்றுக்கொள்வார். நம் ஊரில் ஓடும் முறைகளில் இது ஒன்று. சேனலே காசு கொடுத்து எடுக்கச் சொல்வது இன்னொன்று. எதுவானாலும், ஒரு நேரத்துக்குப் பேர் கிடைத்துவிட்டால் அது விளைகிற பூமி. ஒரு தொடரை முடித்துவிட்டுப் புதிதாக ஒன்றை ஆரம்பித்தால் முதல் மூன்று மாதம் யார் பார்ப்பார்கள் என்று தெரியாது. புது வீடு வாடகைக்குப் பிடிக்க வேண்டும், புது முகங்களைப் பழக்க வேண்டும். பழையது ஓடினால் அந்தச் செலவு எதுவும் இல்லை. காய்க்கிற மரத்தை யாரும் வெட்டுவதில்லை. இந்தக் கணக்கைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, நானும் அதில்தான் சம்பளம் வாங்கினேன்.

ஆனால் அந்தக் கணக்கு கதைக்கு என்ன செய்கிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

நான் வேலை பார்த்த தொடர், கணவனை இழந்த ஒரு பெண் தன் மகளை மீட்கும் கதை. ஆரம்பத்தில் 300 பகுதிக்கு ஒன்லைன், அதாவது கதைச் சுருக்கம் போட்டு, கடைசிக் காட்சி வரை எழுதி வைத்திருந்தோம். ஒவ்வொரு வியாழனும் ரேட்டிங் வரும். 250-ஆவது பகுதி வாக்கில் ரேட்டிங் உச்சியில் நின்றது. அன்று மதியம் கதை விவாதத்துக்கு வந்த செய்தி ஒரே வரி: “மகளை இப்போ கண்டுபிடிக்க வேண்டாம்.” அவ்வளவுதான். அடுத்த இரண்டு மணி நேரம், தாயும் மகளும் ஒரே கோயில் வாசலில் எதிரெதிரே வந்தும் பார்க்காமல் போவதற்குக் காரணம் தேடினோம். முதல் தடவை தேர்க் கூட்டம் குறுக்கே வந்தது. மூன்று வாரம் கழித்து இன்னொரு தடவை பவர் கட். அதற்கப்புறம் ஒரு விபத்து, நினைவு தப்பியது. நடுவில் மகளாக நடித்த பெண்ணுக்கு நிஜமாகவே கல்யாணம் ஆகிப் போய்விட்டார். “இனி இவருக்குப் பதில் இவர்” என்று ஒரு எழுத்தைப் போட்டு வேறு முகத்தைக் கொண்டுவந்தோம். நான்கு வருடமாகத் தாய் தேடிய முகமே மாறிவிட்டது.

காங்கேயத்துக்குத் தெற்கே தோட்டத்துச் சாளையில் என் அமுச்சி, அம்மாவைப் பெற்றவர், தனியாக இருந்தார். அப்புச்சி போன பிறகு அவருக்கு அந்தத் தொடர்தான் துணை. நான் ஊருக்கு வரும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏங்கண்ணு, அந்தப் புள்ளை அம்மாகிட்டச் சேருமா? எங்கிட்ட மட்டும் சொல்லு சாமி” என்று கேட்பார். எழுதுகிறவன் நான், எனக்கே தெரியாது. “சேரும் அமுச்சி” என்று சொல்லிவிட்டு வருவேன். 700-ஆவது பகுதி ஓடிக்கொண்டிருந்த மாசி மாதம் அவர் போய்ச் சேர்ந்தார். அந்தத் தாயும் மகளும் சேர்ந்தது 1,100-க்குப் பக்கத்தில். அதுவும் இரண்டு வார அவகாசத்தில் முடிக்கச் சொல்லி, ஒரே நாளில் அத்தனை வில்லன்களும் திருந்தி, அவசர அவசரமாக. நான் 300-ஆவது பகுதிக்காக எழுதி வைத்திருந்த கடைசிக் காட்சி அப்படியே நோட்டில் இருக்கிறது.

நீளமே தப்பு என்று இதை வைத்து நான் சொல்லமாட்டேன். நம் கொங்கு நாடே நீளமான கதை கேட்டு வளர்ந்த நாடு. அண்ணன்மார் சாமி கதையை, பொன்னர் சங்கர் கதையை, உடுக்கை அடித்து 18 இரவு பாடுவார்கள். 1965-ல் பிரெண்டா பெக் என்ற கனடா ஆராய்ச்சியாளர் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் இருந்து அதை முழுசாக டேப்பில் பதிவு செய்தார். மொத்தம் ஏறக்குறைய 38 மணி நேரம். பாட்டன், அப்பன், மக்கள் என்று மூன்று தலைமுறை. பங்காளிச் சண்டை, வேட்டுவர் பகை, தங்கையின் துயரம், படுகளம், எல்லாம் அதற்குள் இருக்கிறது. நம் அரை மணி நேர சீரியலில் விளம்பரம், டைட்டில், முன்கதை போக 20 நிமிடம்தான் கதை. அந்தக் கணக்கில் 38 மணி நேரம் என்றால் 114 பகுதி. வாரம் ஐந்து நாள் போட்டால் ஐந்தரை மாதத்துக்குள் முடிந்துவிடும். பிரேசில்காரர்கள் வந்து நிற்கும் இடத்துக்கு நெருக்கமாக நம் உடுக்கைப் பாட்டுக்காரர்களும் வந்து நிற்கிறார்கள். 1,500 பகுதி என்பது 500 மணி நேரம்.

அந்த 18 இரவும் ஜனம் ஏன் கலையாமல் உட்கார்ந்தது? படுகளம் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அண்ணன்மார் சாகப் போகிறார்கள் என்று தெரிந்தேதான் முதல் இரவு வந்து உட்காருகிறார்கள். முடிவு தெரிந்தால் ஆள் வராது என்று எங்கள் கதை அறையில் பயந்தோமே, அந்தப் பயமே தப்பு. சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டுகிறவரைக் கேளுங்கள்: தறியில் ஏற்றிய பாவு, அதாவது நீள நூல், எத்தனை மீட்டர் என்று தெரியாமல் யாரும் முதல் குறுக்கு நூலைப் போடமாட்டார்கள்.

சரி, எத்தனை நாள் என்று நேராகக் கேட்டீர்கள். ஒரு கேள்வியோடு தொடங்கும் கதை, அதாவது மகள் கிடைப்பாளா, சொத்து யாருக்கு, கொலை செய்தது யார் என்று தொடங்குவது, தினசரியாக வந்தால் 120-லிருந்து 250 பகுதி போதும். மூன்று தலைமுறைக் கதை என்றால் முழு ஒரு வருடம், 300 வரை கொடுக்கலாம். மர்மக் கதைக்கு வாரம் ஒன்றாக 13 அல்லது 26. அதற்கு மேல் போனால் கதை தன் கேள்வியை மறந்துவிடுகிறது. நன்றாக ஓடினால் கொரியா மாதிரி கொஞ்சம் நீட்டட்டும். அதற்காக ஐந்து மடங்கா?

முடிந்ததையே இரண்டாம் பாகம் என்று கொண்டுவரும் வழக்கம் இப்போது வந்திருக்கிறது. ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ 2023-ல் முடிந்த கையோடு இரண்டாவது வந்தது. ‘எதிர்நீச்சல்’ 2024-ல் முடிந்து, அதே வருடக் கடைசியில் ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்று வந்தது. இதை நான் வரவேற்கிறேன். ஒரு முடிவைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் உட்காருவது வேறு, முடிவே இல்லாமல் உட்கார்ந்திருப்பது வேறு.

முடியவே வேண்டாத தொடர் என்று ஒரு வகையும் உண்டு. இங்கிலாந்தில் ‘கோரனேஷன் ஸ்ட்ரீட்’ 1960 டிசம்பரில் தொடங்கியது, இன்னும் ஓடுகிறது. அதை ஒருவரும் இழுவை என்று சொல்வதில்லை. ஏனென்றால் அது ஒரு பெண்ணின் கதை இல்லை, ஒரு தெருவின் கதை. குடி வருவார்கள், காலி செய்து போவார்கள், பிறப்பார்கள், சாவார்கள், தெரு இருக்கும். ஒரு நடிகர் விலகினால் அந்த வீட்டுக்காரர் ஊர் மாறிப் போனார் என்று விட்டுவிடலாம், ‘இவருக்குப் பதில் இவர்’ போட வேண்டியதில்லை. நம்முடைய தப்பு இதுதான் என்று எனக்குப் படுகிறது: ஒரு பெண்ணின் கேள்வியோடு தொடங்கிவிட்டு, அதைத் தெரு மாதிரி ஓட்டுகிறோம்.

உங்கள் மகளிடம் ‘மர்மதேசம்’ வரிசையில் வந்த ‘விடாது கருப்பு’ போட்டுக் காட்டுங்கள், நம்மவர்களுக்கு முடிக்கத் தெரியும் என்பது அவளுக்கே தெரிந்துவிடும். எனக்கு ஓர் ஆசை இருக்கிறது. உங்கள் திருப்பூரில் ஒரு லைன் வீடு. பத்து ரூம், ஒரு குழாய், நடுவில் துணி காயும் கொடி. முதல் ரூமில் தேனிக்காரக் குடும்பம், அடுத்ததில் ஒடிசாவிலிருந்து வந்த நாலு பையன்கள், கடைசி ரூமில் பனியன் கம்பெனியில் செக்கிங் போகும் அக்காவும் பத்தாவது படிக்கும் மகளும். தீபாவளிக்குப் பாதிப் பேர் ஊருக்குப் போவார்கள், சிலர் திரும்பமாட்டார்கள், அந்த ரூமுக்குப் புதுப் பூட்டோடு வேறு ஆள் வரும். அதை யாராவது எடுத்தால் 20 வருடம் ஓடட்டும், நான் ஒரு நாள் விடாமல் பார்ப்பேன்.